அனைவருக்கும் பதில்

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்துக் கரிசல் பூமியில் தீப்பெட்டியையும் பட்டாசையும் நம்பியே பெரும்பாலோர் ஜீவிக்கின்றனர். முன்னாளில் காரியாலயத்திலிருந்து தொழிற்சாலைக்குத் தகவல் சொல்லச் சைக்கிளில் ஆள் போவான். அவன் ஒருவரிடம் சொல்ல வேண்டியதை ஒருவரிடமே சொல்வான். இன்று அவ்வேலையை ஏற்றிருக்கும் மின்னஞ்சலுக்கு இந்த விவேகம் இல்லை.

‘நாளை லாரி வராது’ என்று மானேஜர் ஒரு வரி எழுதுகிறார். உடனே ‘சரி ஐயா’, ‘கவனித்தேன்’, ‘மிக்க நன்றி’ என்று சிப்பந்திகள் ஒவ்வொருவரும் அனைவருக்குமாகப் பதில் விடுக்கின்றனர். லாரியைப் பற்றிய கவலையா இது? அன்று. தமது பணிவை முதலாளியும் காண வேண்டும், சக ஊழியரும் காண வேண்டும் என்பதே நோக்கம். கும்பிடுவதற்குச் சாட்சி தேடும் இப்புத்தி அந்நிய ஆட்சியில் நம்மவர் பழகியது. அவ்வாட்சி ஒழிந்து 75 ஆண்டுகளுக்கு மேலாகியும் இது ஒழிந்தபாடில்லை. ஒரு குமாஸ்தாவின் பிழையை நாற்பது பேர் அறியக் கண்டித்தெழுதும் அதிகாரிகளும் உளர். அது இதனினும் இழிவானது.

அந்நியரும் இதில் நம்மினும் மேலானவர்களல்லர். 2016 நவம்பரில் இங்கிலாந்து தேசிய சுகாதார சேவையில் ஒரு சோதனைக் கடிதம் தவறுதலாக 8 லட்சத்துக்கும் அதிகமான சிப்பந்திகளுக்குச் சென்றுவிட்டது. ‘என் பெயரை நீக்குக’ என்று பலரும் அனைவருக்குமே பதிலெழுத, அச்சேவையின் தபாலே ஸ்தம்பித்தது!

நமது வட்டாரத்தில் இது வெறும் தொந்தரவோடு நிற்பதன்று. பட்டாசுத் தொழிற்சாலையினுள் செல்போன் கொண்டுபோகலாகாது. போர்மேன் அதை வெளியில் வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில்தான் எடுத்துப் பார்க்கிறார். ‘புதிதாக வந்த சரக்கைக் கலக்க வேண்டாம்’ என்றொரு செய்தி நாற்பது நன்றிகளுக்கு அடியில் கிடந்தால் அவர் கண்ணில் படுமா? 2021 பிப்ரவரியில் அருகிலுள்ள அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேர் வரை, ஏன், அதற்கு மேலும் மாண்டனர். அதற்குக் கடிதம் காரணமென்று நாம் கூறவில்லை. ஆனால் எச்சரிக்கை என்பது உரிய நேரத்தில் உரியவர் காதில் விழவேண்டிய ஊர் இது.

ஆகவே முதலாளிமார் தாமே வழிகாட்ட வேண்டும். பலருக்கு எழுதும்போது பெயர்களை மறைநகலில் இட்டால், பதில் எழுதியவருக்கே திரும்பும். ‘பதில் வேண்டாம்’ என்று கடிதத்தின் தலைப்பிலேயே குறிப்பதும் நன்று. பதில் எழுதாத சிப்பந்தியை மரியாதையற்றவன் என எண்ணுவதையும் அவர்கள் விடவேண்டும். மருந்து அறையைப் பற்றிய அவசரச் செய்தியாயின் மின்னஞ்சலே வேண்டாம். பழையபடி ஆளை அனுப்புக.