வேரை விட்டுவிட்டு இலைக்குத் தண்ணீர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை டிபன் முடிந்த நேரத்தில் என் தம்பியின் பேரன் வந்தான். மூன்று வருடம் பி.பி.ஏ. படித்து முடித்தவன். அடுத்து ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. சேரப் போகிறான், அதற்கு 6 லட்சம் கல்விக் கடன். வங்கியில் மூன்றாம் மனிதரின் ஜாமீன் கேட்டிருக்கிறார்கள். இங்கே அந்த மூன்றாம் மனிதர் நான்.

"கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு சொல்லு" என்றேன். "வருடத்துக்கு 3 லட்சமாக இரண்டு வருடம் பணம் வாங்குகிறாய். வட்டி 10 சதவீதம், தனிவட்டி என்று வைத்துக்கொள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கட்ட ஆரம்பிக்கிறாய். அன்றைக்கு உன் பாக்கி எவ்வளவு?"

போனைக் கையில் எடுத்தான். எதை எதோடு பெருக்குவது என்று தெரியவில்லை.

"அதெல்லாம் பேங்க்லயே சொல்லிடுவாங்க பெரிய தாத்தா. நான் மார்க்கெட்டிங், ஸ்ட்ராடஜிதான் எடுக்கப் போறேன்."

முதல் 3 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90 ஆயிரம். அடுத்த 3 லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 60 ஆயிரம். ஆக ஏழரை லட்சம். பில் சரிபார்த்தே காலம் தள்ளிய ஒரு குமாஸ்தாவுக்கு இது விரல் கணக்கு. வணிக நிர்வாகப் பட்டதாரிக்கு வரவில்லை.

எனக்குப் பையன் மேல் கோபம் இல்லை. அவனுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். பொருளாதாரம் முதல் வருடத்தில் ஒரே ஒரு தாள். பிறகு விளம்பரம், பிராண்டு, நுகர்வோர் நடத்தை, வியூகம் என்று வரிசையாக வருகின்றன. அந்த ஒரு தாளையும் "பாஸ் பண்ணினால் போதும்" என்று தாண்டி வந்திருக்கிறான். அந்தக் கல்லூரிமேல்தான் எனக்கு வழக்கு. ஏசி வகுப்பறையையும் கோட்டு போட்ட பையன்களின் படத்தையும் பார்த்து மயங்கிப் பணம் கட்டுகிற நம்மேலும்தான்.

அவன் வாய்க்கு வாய் சொல்லும் இரண்டு பெயர்களையே எடுத்துக்கொள்வோம். மார்க்கெட்டிங்கின் பிதாமகர் பிலிப் கோட்லர். அவர் சிகாகோவில் எம்.ஏ.யும் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டமும் வாங்கியது பொருளாதாரத்தில். வியூகத்துக்கு மைக்கேல் போர்ட்டர். 1979ல் அவர் எழுதிய 'ஐந்து சக்திகள்' இல்லாத எம்.பி.ஏ. வகுப்பு இல்லை. அவர் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றது வணிகப் பொருளாதாரத்தில். குருமார்கள் வேரிலிருந்து கிளம்பி வந்தார்கள். சீடர்களுக்கு இலையை மட்டும் கிள்ளிக் கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று சின்னி கிருஷ்ணன் காட்டினார். 1983ல் அவர் மகன் ரங்கநாதன் தனியாகத் தொழில் தொடங்கி அதைப் பெரிதாக வளர்த்தார். இதை வகுப்பில் மார்க்கெட்டிங் சாதனை என்று நடத்துகிறார்கள். சரிதான். ஆனால் அந்தப் பாக்கெட் ஏன் விற்றது? தினக்கூலி வாங்குகிறவர் கையில் ஒரு பாட்டிலுக்கான பணம் ஒரே நாளில் சேராது. வருமானம் எப்படி வருகிறதோ அப்படித்தான் செலவும் போகும். இது பொருளாதாரம். இது புரியாதவனுக்குச் சாதனையில் மிஞ்சுவது பாக்கெட்டின் கலர்தான்.

வியூகமும் அப்படித்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புண்ணியத்தில் கூர்னோ என்ற பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்குத் தெரியும். அவருடைய புத்தகத்தைப் புரட்டியது ஓய்வு பெற்ற பிறகுதான். 1838ல் அவர் எழுதியது. ஊற்றுத் தண்ணீர் விற்கும் இரண்டு பேரைக் கற்பனை செய்கிறார். எதிராளி எவ்வளவு விற்கிறான் என்று பார்த்துத்தான் ஒவ்வொருவனும் தன் அளவைத் தீர்மானிக்கிறான். அதனால் ஒருவன் மட்டும் விற்றால் இருக்கும் விலையைவிட விலை குறைகிறது; விற்பவர்கள் கூடக்கூட அது அடக்க விலையை நோக்கி இறங்குகிறது. நம் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவர்கள் இரண்டு பேராக இருந்தபோது என்ன விலை, நான்கு பேரானபோது என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். பேரனிடம் இதைக் கேட்டேன். நான்கு கட்டம் போட்டு 'பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்' என்று எழுதினான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பொருளாதாரம் படித்தவனெல்லாம் கடை வைத்து ஜெயித்தானா?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கரும்பலகையில் கோடு மட்டும் போட்டவனாலும் ஒன்றும் ஆகாது. காலையில் ஒரு விலைக்கு விற்ற மீனைப் பெரிய மார்க்கெட்டில் அந்தம்மா சாயங்காலம் ஏன் பாதிக்குக் கொடுக்கிறார் என்று நின்று கேட்காதவன், எந்தப் பட்டம் வாங்கினாலும் அரைகுறைதான். நான் மார்க்கெட்டிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்தளம் போடாமல் மாடி கட்டாதே என்கிறேன். விற்கத் தெரிந்து, விலை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாதவனை நாளைக்கு வேறொருவன் விற்றுவிடுவான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜாமீன் போடுவதற்கு முன்னால் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பொருளாதாரம் எத்தனை தாள், கணக்கியல் எத்தனை தாள், புள்ளியியல் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். போன வருடம் படித்து முடித்தவர்கள் இன்று என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று, விளம்பரத்தை நம்பாமல், அந்தப் பையன்களிடமே விசாரியுங்கள். நம் கையெழுத்துக்குப் பின்னால் இருப்பது நம் பென்ஷன்.

அவனிடம் மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டமும், மாதத் தவணை எவ்வளவு வரும் என்ற கணக்கும் அவனே எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் என் மேஜைமேல் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. பேனாவில் மையும் இருக்கிறது. அவன்தான் வர வேண்டும்.