பன்னிரண்டு மாசமும் ஒரு கடிதமும்

"நீங்க டாக்டரா?"ன்னு கேட்டா இல்லைன்னு சொல்லணும். "அப்ப டெக்னீஷியனா?"ன்னா அதுவும் இல்லை. கேன்சர் ஆஸ்பத்திரியில மெடிக்கல் பிசிசிஸ்ட்னு சொன்னா, கல்யாண வீட்டுல பந்தி முடியற வரைக்கும் விளக்கணும் :-)

சுருக்கமா இவ்வளவுதான். "இந்தக் கட்டிக்கு 60 கிரே கதிர்வீச்சு"ன்னு டாக்டர் எழுதுவார். அந்த 60 நிஜமாவே 60-ஆ போய்ச் சேருதான்னு கணக்குப் போட்டு, மெஷினை அளந்து, கையெழுத்துப் போடறது எங்க வேலை. அந்தக் கையெழுத்துக்கு ஒருத்தரை எப்படித் தயார் பண்றோம்? அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நம்ம நாட்டுல மருத்துவ இயற்பியல் படிச்ச பிறகு, கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில குறைஞ்சது 12 மாசம் இன்டர்ன்ஷிப் செய்யணும்கறது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட விதி. அமெரிக்காவுல 2 வருஷ ரெசிடென்சி. 2014-லேர்ந்து, அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி இல்லாம அங்கே போர்டு சான்றிதழுக்குப் போக முடியாது. சர்வதேச அணுசக்தி முகமையும் குறைஞ்சது 2 வருஷம்னுதான் சொல்லுது.

1-ஆ 2-ஆன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு.

பெங்களூருல இன்டர்ன்ஷிப், மூணாவது மாசம். மெஷினோட கதிர் அளவை அளக்கற அயனி அறை காத்துக்குத் திறந்திருக்கும். உள்ளே எவ்வளவு காத்து இருக்குங்கறது வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. அதனால ரீடிங்கைத் திருத்தணும். அன்னிக்கு பாரோமீட்டர் ரிப்பேர். நான் புத்திசாலியாச்சே! மொபைல்ல வானிலை பார்த்து 1013-னு போட்டேன். மெஷின் 10 சதவீதம் கம்மியா தர்றதா கணக்கு வந்துச்சு. பெரிய தப்பைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல சீனியர்கிட்ட ஓடினேன், மெஷினை ஏத்திடலாமான்னு கேட்க.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, பெங்களூரு எப்ப கடல் மட்டத்துக்கு வந்துச்சு?"

வானிலைக்காரங்க அழுத்தத்தைக் கடல் மட்டத்துக்கு மாத்தித்தான் சொல்லுவாங்க. ஊர் இருக்கறது சுமார் 900 மீட்டர் உயரத்துல, நிஜ அழுத்தம் 910-ஐ ஒட்டித்தான் இருக்கும். மெஷின் சரியாத்தான் இருந்துச்சு, தப்பு என் கணக்குல. நான் சொன்னபடி "சரி" பண்ணியிருந்தா, அதுக்கப்புறம் அந்த மேசையில படுத்த ஒவ்வொருத்தருக்கும் சுமார் 11 சதவீதம் கூடுதல்.

இதுல கொடுமை என்னன்னா, அந்தத் திருத்தச் சூத்திரத்துக்குப் பரீட்சையில நான் முழு மார்க் வாங்கினவன்.

என் அதிர்ஷ்டம், பக்கத்துல ஒரு ஆள் இருந்தார். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு அது இல்லை. வேற ஒரு ஆஸ்பத்திரியில 12 மாசமும் சாயங்காலம் பேஷன்ட் பிளான் சரிபார்க்கற ஒரே வேலை. வாட்டர் ஃபேன்டமைத் தொட்டதே இல்லை. மாசம் பன்னிரண்டு ஆச்சு, கடிதம் கைக்கு வந்துச்சு, அவனும் பிசிசிஸ்ட்.

வெளிநாட்டுல எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு நினைக்காதீங்க. 1988-ல இங்கிலாந்து எக்ஸிடர்ல புது கோபால்ட் மூலத்தை அளந்ததுல தப்பு, 207 பேருக்கு 25 சதவீதம் அதிகம் போயிடுச்சு. 2006-ல கிளாஸ்கோவுல ஒரு சின்னப் பொண்ணுக்குப் போட வேண்டியதுக்கு மேல பாதிக்கும் அதிகமா போச்சு. பிளான் போட்டவருக்கு அனுபவம் போதலை, சரிபார்த்தவங்க கண்ணுலயும் படலை. இந்தத் துறையில பயிற்சிக் குறைவுக்கான விலையைப் பயிற்சியாளர் கொடுக்கறதில்லை, மேசையில படுத்திருக்கறவங்கதான் கொடுக்கறாங்க.

"ஏற்கனவே ஆள் பஞ்சம், இதுல 2 வருஷமா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். சம்பளமில்லாத 2 வருஷம்னா வசதியான வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான் வர முடியும். அதனால என் கட்சி இதுதான்: முதல்ல அந்த 12 மாசத்தை நிஜமான 12 மாசமா ஆக்குங்க. எதை எத்தனை தடவை தன் கையால செஞ்சான்னு லாக் புக். கடைசியில வெளியாள் வந்து கேட்கற வாய்மொழித் தேர்வு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான உதவித்தொகை. அதுக்கப்புறம் 2 வருஷம் ஆக்குங்க, முதல் கையைத் தூக்கறவன் நானாத்தான் இருப்பேன்.

இப்ப என்கிட்டயும் பசங்க இன்டர்ன்ஷிப் வர்றாங்க. முதல் நாள் நான் கேட்கற கேள்வி: "நம்ம ஊர் கடல் மட்டத்துலேர்ந்து எவ்வளவு உயரம்?"

முழிக்கறாங்க. முழிக்கட்டும், நானும் முழிச்சவன்தானே :-)