வெள்ளைப் பொடியின் மூலம்

கடம்பத்தூரில் நண்பர் ஒருவருடைய கடல்மீன் தொட்டியின் பம்பிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் பொடி படிந்ததும், அதை வியாதியென்றே நிச்சயித்து, இறாலையும் பவளத்தையும் கொல்லவல்ல செம்பு மருந்தை அவர் ஊற்ற முற்பட்டதும் என் மனத்தை மிகவும் வருத்தின. ஏனெனில் அப்பொடியில் சிறிது எடுத்து நல்ல தண்ணீரில் இட்டு, கரைந்தால் உப்பென்றும், கரையாமல் வினிகர்த் துளி பட்டு நுரைத்தால் சுண்ணாம்பென்றும் அறிவது எவர்க்கும் எளிது. நுரைக்கத்தான் செய்தது. சமுத்திர ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருந்தும் அது எளிதில் படிகமாகாதபடி மக்னீசியம் தடுத்து நிற்கிறது. ஆயினும் நம் வெயிலில் தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பன்று, ஆதலால் குறைந்த அளவை உவர்ப்பும் கடினமுமான போர் தண்ணீரால் தினந்தோறும் நிரப்புகிறவர் தம்மையறியாமலே சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறார். அந்நீரில் சிலிகேட்டும் மிகுந்திருந்தால் பழுப்புப் படலமும் கூடவே வந்துவிடும். 1909-இல் சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிசாலை கண்டவர்களுக்குச் சமுத்திரமே பக்கத்தில் இருந்தது. ரயில் பாதையோரத்து உள்நாட்டு ஊரில் உப்புப் பொட்டலத்தைக் கரைத்துக் கடல் செய்யும் நமக்கோ, கரைக்கும் நீரே முதல் பரீட்சை. நண்பர் பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவிவிட்டார். ஆவியானதை ஈடுசெய்ய இப்போது ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுகிறார்.