பார்ப்பவர்மீது பழி

“மக்கள் விரும்புகின்றனர், நாங்கள் வழங்குகின்றோம்.” தரம் தாழ்ந்த திரைப்படங்களுக்கும் மலிவுக் கதைகளுக்கும் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்த இச்சமாதானம், இன்று யூடியூப் தளத்தில் காணொளி படைப்போர் வாயிலும் ஒலிக்கின்றது. தமிழ் கற்பிக்க வந்த ஆசிரியர் சிலரும் இதனையே கூறத் தலைப்பட்டிருப்பதுதான் வேதனை. பார்ப்பவர்மீது பழி சுமத்துமுன், அவ்விருப்பத்தை அளக்கும் கோல் யார் கையில் உள்ளது என்று வினவுதல் வேண்டாமா?

2005ஆம் ஆண்டு தோன்றி, மறு ஆண்டே கூகுள் நிறுவனத்தின் உடைமையாகிவிட்ட தளம் அது. தொடக்கத்தில், எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதே ஒரு காணொளிக்கு ஏற்றம் தந்தது. விளைவு? உள்ளே இல்லாத ஒன்றை முகப்புப் படத்தில் காட்டி ஏய்க்கும் வித்தை தழைத்தது. 2012இல், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை தரப்பட்டது. ஏய்ப்பை ஒடுக்க எண்ணிய மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் பின்னர்ச் சுருங்கச் சொல்ல வேண்டியவை நீட்டப்பட்டன. பத்து நிமிடக் காணொளியிலேயே நடுவில் விளம்பரம் செருகலாம் என்ற விதி நிலவியபோது, நான்கு நிமிடச் செய்தி பத்து நிமிடத்திற்கு இழுபட்டது. 2020இல் அவ்வரம்பு எட்டு நிமிடமாகக் குறைந்ததும், எட்டு நிமிடம் போதும் என்று கணக்கு மாறிற்று. குறுங்காணொளி வந்தபின், அதே செய்தி ஒரு நிமிடத்திற்குள் அடைக்கப்பட்டது. பார்ப்பவரின் விருப்பமா இத்தனை முறை மாறியது? விதி மாறிற்று, படைப்பும் அதன் பின்னே ஓடிற்று.

விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் விதிக்கப்பட்டது. திரையுலக வம்பு பேசுவோருக்கு அது ஒரு மேடு. புணர்ச்சி இலக்கணம் விளக்குவோருக்கோ மலை. மலையைக் கண்டு மலைத்த ஆசிரியர், “அதிர்ச்சி! இந்தச் சொல்லின் இரகசியம்!” என்று தலைப்பிடத் தொடங்குகின்றார். வருவாயே வேண்டாத ஆசிரியரும் அப்படித் தலைப்பிடுவானேன்? எண்ணிக்கை தரும் போதை அத்தகையது போலும்.

பார்வையாளர் எந்நொடியில் விலகினர் என்பதைக் கோடாக வரைந்து காட்டும் வசதியும் படைப்பவருக்கு அங்கு உண்டு. கோடு சரியும் இடத்தை வெட்டியெறிதலே திறமை எனப்படுகின்றது. வகுப்பறையை அறிந்தவர் இதனை ஏற்பரா? ‘நாள் + மலர்’ எவ்வாறு ‘நாண்மலர்’ ஆயிற்று என்ற விளக்கத்தை ஒரு மாணவன் மூன்றாம் நிமிடத்தில் கேட்டுப் புரிந்துகொள்கின்றான். காணொளியை மூடிவிட்டு, ஏட்டை எடுத்து எழுதிப் பார்க்கின்றான். மற்றொருவன் சலிப்புற்று, வேறு வேடிக்கை தேடிப் போகின்றான். அந்தக் கோட்டில் இருவர் விலகலும் ஒன்றே. கோட்டைக் கண்டு அஞ்சிய ஆசிரியர் அடுத்த காணொளியில் வெட்டியெறிவது, முதலாமவன் ஏட்டில் எழுதிக்கொண்ட அந்த விளக்கத்தைத்தான்.