ரத்தம் பார்க்கும் கண்ணுக்கும் ஒரு குரு வேண்டும்

ரத்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரத்த தானமும் பி.பி.யும்தான். ரத்த நோய்களுக்கென்றே தனி டாக்டர் உண்டு, அவருக்கு ஹெமடாலஜிஸ்ட் என்று பெயர் என்பது வீட்டில் ஒருவருக்கு லுகேமியாவோ ஹீமோபிலியாவோ வந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த டாக்டர் ஆவது லேசான காரியமில்லை. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. மூன்று வருடம். அதற்கும் மேல் நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். மூன்று வருடம். எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலே வெளியே வரும்போது வயது 29 ஆகிவிடும். சரி, இத்தனை வருடம் படித்தவருக்கு இன்னும் எதற்கு வழிகாட்டி?

ஒரே ஒரு உதாரணம் போதும். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா என்றொரு ரத்தப் புற்றுநோய். முதல் சில நாட்களிலேயே மூளையில் ரத்தம் கசிந்து ஆளைக் கொன்றுவிடக் கூடியது. அந்த நாட்களைத் தாண்டிவிட்டால், லுகேமியாக்களிலேயே மிக நன்றாகக் குணமாவதும் இதுதான்! மரபணு சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், ஸ்லைடைப் பார்த்து சந்தேகம் வந்தவுடனே ட்ரெட்டினாயின் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ஸ்லைடைப் பார்த்து அந்தச் சந்தேகம் வர வேண்டுமே... அந்தக் கண் புத்தகத்தால் மட்டும் வராது. இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் சீனியர் ஒருவர் உட்கார்ந்து, நூறு முறை காட்டிக் கொடுத்தால்தான் வரும்.

வேலூர் சி.எம்.சி. இதற்கு நல்ல சாட்சி. 1986-ல் மேமன் சாண்டி அங்கே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கினார். அவர் வளர்த்த துறையிலிருந்துதான் 2006-ல் விக்ரம் மேத்யூஸ் குழுவின் ஆய்வு வந்தது. மேலே சொன்ன அதே லுகேமியாவை ஆர்செனிக் மருந்து ஒன்றாலேயே குணப்படுத்த முடியும் என்று 72 நோயாளிகளிடம் காட்டிய ஆய்வு அது. 2024 டிசம்பரில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு, ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகளை வெளியிட்டது. கட்டடத்தாலும் மெஷினாலும் மட்டும் வந்த பெயரல்ல இது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனதால் வந்தது.

வடசென்னைக்கும் இது புதிதல்ல. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் சொல்லும் ஸ்டான்லியில், ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்தார். மெஷினில் கை சிக்கிய தொழிலாளிகள் நிறைந்த பகுதிக்குத் தேவையான துறை அது. அங்கே பயின்றவர்கள் அந்த வித்தையைப் பல ஊர்களுக்கும் கொண்டு போனார்கள்.

கைக்கு நடந்தது ரத்தத்துக்கும் நடக்க வேண்டும். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் தொழிற்சாலைகள், ராயபுரத்தை ஒட்டித் துறைமுகம் என்று இருக்கும் பகுதி இது. கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருக்கும் பென்சீன், நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் லுகேமியாவை உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் அதை வாளியிலும் மக்கிலும் அள்ளினார்கள். அதனால் அவர்களுக்கு நோய் வந்துவிடும் என்று பயமுறுத்துவது தவறு. ஆனால் இப்படிப்பட்டவர்களின் ரத்த எண்ணிக்கையை வருடா வருடம் பார்த்து, இறங்கினால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

"இருக்கிற வார்டுகளுக்கே டாக்டர் போதவில்லை, இது ஆடம்பரம்" என்று சிலர் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், அது தலசீமியா மரபாகவும் இருக்கலாம். கணவருக்கும் அதே மரபு இருந்தால், பிறக்கும் குழந்தை வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க நேரலாம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரியில் இதைச் சந்தேகிக்கத் தெரிந்த ஒருவர் நூறு டாக்டர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். இதுவா ஆடம்பரம்?

செய்ய வேண்டியது பெரிய செலவும் அல்ல. சென்ட்ரலுக்கு எதிரே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் ஹெமடாலஜி டி.எம். படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் தங்கள் பேராசிரியரோடு வாரத்தில் ஒரு நாள் வடசென்னைக்கு வந்து ஓ.பி. பார்ப்பதை பயிற்சியின் ஒரு பகுதியாகவே ஆக்கலாம். சந்தேகமான ஸ்லைடைப் போனில் படமெடுத்து அனுப்பினால், ராத்திரியிலும் பதில் சொல்லும் ஒரு சீனியர் குழு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டி.எம். முடித்த ஒவ்வொருவருக்கும் முதல் இரண்டு வருடம், பெயர் குறிப்பிட்ட ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். அமெரிக்க ஹெமடாலஜி சங்கம் 2003 முதலே ஆராய்ச்சியில் இறங்கும் இளம் டாக்டர்களை அனுபவசாலிகளோடு ஒரு வருடம் இணைத்து வைக்கிறது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

29 வயது டாக்டரைத் தனியாக விட்டால் அவர் எப்படியோ சமாளித்து, தானாகவே கற்றுக்கொள்வார். ஆனால் அவர் கற்றுக்கொள்ளும் வரை, திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கும் நோயாளியின் ரத்தக் கசிவு காத்திருக்காது.