தலைவிதியா, சாலை விதியா?

வண்டி மோதி ஒருவர் சாலையில் மாண்டுவிட்டால், தலைவிதி என்பார் ஒருவர். நஸீபு என்பார் இன்னொருவர். நாளேடுகளோ 'விபத்து' என்று எழுதி முடித்துக்கொள்கின்றன. மாண்டவரை அடக்கம் செய்யுமுன்பே குற்றத்தை அடக்கம் செய்துவிடும் இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

விதி என்னும் சொல்லுக்குத் தமிழில் ஊழ் என்றும் பொருளுண்டு. கட்டளை என்றும் பொருளுண்டு. பின்னதை மீறியவர் முன்னதன் நிழலில் ஒளிந்துகொள்ளும் விந்தையை அன்றாடம் காண்கிறோம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 உயிர்கள்! மொத்தச் சாவுகளில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை மிகுவேகத்தால் நேர்ந்தவை என்றும் அக்கணக்கே கூறுகிறது. ஊழ்தான் காரணமென்றால், அவ்வூழுக்கு வேகத்தின்மீது மட்டும் இத்துணைப் பற்று ஏனோ?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எதிரே ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஏறத்தாழ அந்த ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவும் அவ்வாறே. எனவேதான், நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாமென 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாடு அறிவித்தது.

"அவர்தாம் குறுக்கே வந்தார்" என்பர். வந்திருக்கலாம். நடைபாதையைக் கடைகளும் நிறுத்திவைத்த வண்டிகளும் விழுங்கிவிட்டபின் அவர் எங்கே நடப்பார்? குழந்தை ஓடும், முதியவர் தயங்குவார், கண்பார்வையற்றவர் தடுமாறுவார். இவர்களெல்லாம் தெருவில் இருப்பார்கள் என்பதை அறியாதவரா ஓட்டுநர்? நடப்பவர் தவறினால் இழப்பது பெரும்பாலும் தம் உயிரை. ஓட்டுபவர் தவறினால் இழக்கச் செய்வது பிறர் உயிரை. இரு தவறுகளையும் ஒரே தராசுத் தட்டில் வைப்பது நீதியாகுமா? சைகை விளக்கில்லாத கடப்பிடத்தில் வேகத்தைக் குறைத்து நடப்பவருக்கு வழிவிட வேண்டுமென்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஒழுங்குமுறைகளும் ஓட்டுநருக்கே கட்டளையிடுகின்றன.

"கொல்லும் எண்ணம் இல்லையே" என்பது அடுத்த வாதம். எண்ணம் இருந்தால் அதன் பெயர் கொலை. எண்ணமின்றி, அசட்டையால் உயிர் பறித்தாலும் அது குற்றமே. முன்பு ஈராண்டாக இருந்த அதன் உச்சத் தண்டனையை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது.

ஓட்டுநரை மட்டும் சாடி நாம் அமையமாட்டோம். இத்தனை நிமிடத்தில் இத்தனை நடை என்று பேருந்தை விரட்டும் முதலாளியும், சோறு சில நிமிடம் தாமதித்தால் சினக்கும் நாமும் அவர் காலை அழுத்தும் கைகளே.

விதி என்று சொல்லத்தான் வேண்டுமென்றால், சாலை விதி என்றே சொல்லுவோம். அது மீறப்பட்டது, மீறியவர் பதில் சொல்லட்டும்.