விரலை விட்டுட்டு பாட்டைக் கேளுங்கப்பா!

எம்.ஐ.ஏ.ங்கற மாயா அருள்பிரகாசம் பேரு செய்தியில அடிபடும்போதெல்லாம் கூடவே ஒரு "திரும்பிப் பார்க்கிறோம்" கட்டுரை வரும். இங்கிலீஷ்ல வரும், தமிழ்லயும் வரும். எழுதற ஆள் மாறுவார், சரக்கு மட்டும் மாறாது. ஒரு விரல், ஒரு புலி, ஒரு ஊசி. மூணையும் வரிசையா அடுக்கி, கடைசியில "சர்ச்சை நாயகி"ன்னு பட்டம் குடுத்து அனுப்பிருவாங்க.

ஐயா சாமிகளா, அந்தம்மா பாடகி. 2005லேர்ந்து 2022 வரைக்கும் ஆறு ஆல்பம் போட்டவங்க. அதுல ஒரு பாட்டைப் பத்தியாவது நாலு வரி எழுதுனா பேனா தேஞ்சிருமா?

முதல்ல அந்த மூணையும் ஒரு கை பார்த்துட்டு, அப்புறம் பாட்டுக்கு வர்றேன்.

1. விரல்

2012 பிப்ரவரி 5, சூப்பர் பவுல். மடோனா, நிக்கி மினாஜ்கூட மேடையில நிக்கறப்ப எம்.ஐ.ஏ. ஒரு செகண்டு நடுவிரலைக் காட்டிட்டாங்க. அவ்ளோதான். அமெரிக்க ஃபுட்பால் லீக் பொங்கி எழுந்து, கடைசியில 1 கோடியே 66 லட்சம் டாலர் கேட்டுது. 2014ல வெளிய சொல்லாம சமரசமாப் போயிட்டாங்க. ஒரு விரலுக்கு இந்த ரேட்டுன்னா பத்து விரலுக்கு என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. :-)

ஜானி கேஷ்னு ஒரு பெரிய அமெரிக்கப் பாடகர். 1969ல சான் குவென்டின் ஜெயில்ல கச்சேரி பண்ணப் போனப்ப, கேமராவைப் பார்த்து இதே விரலைத்தான் காட்டினார். அந்தப் படம் போஸ்டராச்சு, டி-ஷர்ட்டாச்சு. 1998ல கிராமி கிடைச்சப்ப, ரேடியோக்காரங்க தன்னைக் கண்டுக்கலைங்கற கோபத்துல அதே படத்தை ஒரு இசைப் பத்திரிகையில முழுப் பக்க விளம்பரமாவே போட்டாங்க. அவர் காட்டுனா "கலகக்காரன்", இவங்க காட்டுனா "அநாகரிகம்". எந்த ஊரு நியாயம் இது?

இதை விடவும் கடுப்பு ஒண்ணு இருக்கு. அந்த சூப்பர் பவுலுக்கு ரெண்டே நாள் முன்னாடி, பிப்ரவரி 3ஆம் தேதி, அவங்களோட 'பேட் கேர்ள்ஸ்' வீடியோ வந்துச்சு. ரொமேன் காவ்ராஸ் மொராக்கோ பாலைவனத்துல எடுத்தது. பொம்பளைங்க கார் ஓட்டறாங்க, ரெண்டு சக்கரத்துல சாய்ச்சு ஓட்டறாங்க. சவுதியில பெண்கள் வண்டி ஓட்டவே தடை இருந்த காலம் அது. அந்தத் தடை நீங்கினது 2018 ஜூன்ல. இப்படி ஒரு வீடியோ போட்ட வாரத்தை நம்மாளுங்க எதை வெச்சு ஞாபகம் வெச்சிருக்காங்க? விரல்!

2. புலி

"விடுதலைப்புலியின் மகள்". இந்தத் தலைப்பு இல்லாம கட்டுரையே கிடையாது. அவங்க அப்பா அருள்பிரகாசம் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தர். ஈரோஸ் வேற, புலிகள் வேற. 1990ல ஈரோஸ்லேர்ந்து ஒரு பகுதி புலிகளோட போனது தனிக்கதை. லண்டன்காரனுக்கும் நியூயார்க்காரனுக்கும் இந்த வித்தியாசம் தெரியலைன்னா பரவாயில்லை, தமிழ்ல எழுதறவங்களும் அதையே அப்படியே இறக்குமதி பண்றாங்களே, அதைத்தான் தாங்க முடியலை. எண்பதுகள்ல ஈழச் செய்தி படிச்ச எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் சொல்வாரேய்யா!

ஆரம்ப கால ஓவியங்கள்ல அவங்களே புலி உருவத்தைப் போட்டிருக்காங்க. அதைக் கேள்வி கேட்கலாம், தாராளமா கேளுங்க. ஆனா கேட்கறதுக்கு முன்னாடி வரலாறு தெரியணும்.

அந்தக் குடும்பக் கதையையும் சுருக்கமா சொல்லிடறேன். 1975ல லண்டன்ல பிறந்து, ஆறு மாசக் குழந்தையா இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்துல வளர்ந்து, நடுவுல கொஞ்ச காலம் சென்னையில இருந்து, 1986ல அகதியா மறுபடி லண்டன். அப்பா பெரும்பாலும் கூட இல்லை. முதல் ஆல்பத்துக்கு 'அருளர்'னு அப்பா பேரை வெச்சாங்க. தன் பேரை எடுக்கச் சொல்லி அப்பா எழுதினார், பொண்ணு எடுக்கலை. ரெண்டாவது ஆல்பம் 'கலா'. அது அம்மா பேரு.

அப்புறம் 2009. பிப்ரவரி 8ஆம் தேதி, நிறைமாத வயித்தோட கிராமி மேடையில ஜே-சீ, கான்யே வெஸ்ட்கூட பாடினாங்க. மூணாவது நாள் பையன் பிறந்தான். ரஹ்மானோட சேர்ந்து செஞ்ச 'ஓ சாயா' அதே மாசம் ஆஸ்கர் பட்டியல்ல. வன்னியில என்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியும். அந்த உயரத்துல நின்னுக்கிட்டு, கிடைச்ச மைக்கில எல்லாம் அவங்க அதைச் சொன்னாங்க. சொன்னதுக்கு என்ன கிடைச்சுது? 2010ல ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகையோட நீளமான பேட்டிக் கட்டுரை. அதுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது, புரட்சி பேசிக்கிட்டே அவங்க விலை உயர்ந்த உருளைக்கிழங்கு வறுவல் தின்னாங்கங்கற ஒரே வரிதான். அப்புறம் அவங்க பதிவு செஞ்சு வெச்சிருந்த ஒலியை வெளியிட்டா, அந்த வறுவலை வாங்கலாம்னு சொன்னதே பேட்டி எடுத்தவங்க! வன்னி கதையை அமுக்கறதுக்கு ஒரு தட்டு வறுவல் போதும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

3. ஊசி

இதுல நான் அவங்களுக்கு வக்காலத்து வாங்கப் போறதில்லை. கொரோனா சமயத்துல தடுப்பூசி பத்தி அவங்க எழுதினது தப்பு. 2020ல ஒரு பத்திரிகை அவங்களைப் பத்தின பக்கத்தையே நிறுத்துச்சு. அப்புறமும் அவங்க விடலை. 2024ல அலைக்கற்றையைத் தடுக்கிற துணின்னு ஒரு கடை வேற. தப்பைத் தப்புன்னுதான் சொல்லணும். ஆனா 2020ல போட்ட ட்வீட்டை வெச்சு 2007ல போட்ட ஆல்பத்துக்கு மார்க் போடறது என்ன கணக்கு?

சரி, பாட்டுக்கு வருவோம்.

"அவங்க ராக் பாடகியே இல்லையே, ராப்தானே?"ன்னு ஒரு கேள்வி வரும். அவங்க வந்த வாசலே ஆல்டர்நேட்டிவ் ராக் வாசல்தான். எலாஸ்டிகா பேண்டோட 2000ஆம் வருஷ ஆல்பத்துக்கு அட்டை செஞ்சது இவங்க. அந்த பேண்ட் அமெரிக்கா சுத்தினப்ப கூடவே போய் வீடியோ எடுத்தாங்க. அந்தப் பயணத்துலதான் பீச்சஸ்ங்கற பாடகி ரோலண்ட் 505ங்கற ஒரு பெட்டியைக் காட்டினாங்க. தாளம் போட்டுப் பாட்டு கட்டற மெஷின். முறையா சங்கீதம் படிக்காத ஓவியக் கல்லூரிப் பொண்ணு அதை வெச்சுக்கிட்டு உக்காந்தாங்க. 2003ல 'கலாங்' வந்தப்ப முதல்ல அடிச்சது 500 ரெக்கார்டுதான். 2005ல 'அருளர்' மெர்குரி பரிசுப் பட்டியல் வரைக்கும் போச்சு.

2006ல அமெரிக்கா விசா குடுக்கலை. அடுத்த ஆல்பத்தை அங்க செய்யறதா இருந்தது கெட்டுப் போச்சு. சரி போன்னு இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியான்னு சுத்தி, போற ஊர்ல கிடைச்ச சத்தத்தை எல்லாம் சேர்த்துச் செஞ்சதுதான் 'கலா'. சென்னையில உறுமி அடிக்கறவங்களை உக்கார வெச்சுப் பதிவு பண்ணாங்க. 'பேர்ட் ஃப்ளூ' கேட்டுப் பாருங்க. அதோட வீடியோவும் தமிழ்நாட்டுல எடுத்ததுதான்.

நான் இருக்கறது தளவாய்புரம், ராஜபாளையம் பக்கம். இங்க கோயில் கொடைன்னா உறுமிச் சத்தம் இல்லாம சாமி இறங்காது. ஆனா அதே உறுமியை கல்யாணத்துக்குக் கூப்பிட்டா "பட்டிக்காட்டுத்தனம்"னு செண்டை மேளத்துக்கு அட்வான்ஸ் குடுக்கற கூட்டமும் இங்கதான் இருக்கு. நாம வெக்கப்பட்ட சத்தத்தை அவங்க 2007லயே லண்டன், நியூயார்க் கிளப்புகள்ல தலை நிமிர்ந்து ஒலிக்க வெச்சாங்க. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த வருஷத்தோட நம்பர் ஒன் ஆல்பமா 'கலா'வைத்தான் போட்டுது. இதை எத்தனை தமிழ்க் கட்டுரையில பார்த்தீங்க?

அதே ஆல்பத்துல 'பாம்பூ பாங்கா'ன்னு முதல் பாட்டு. நம்ம கூட்டாளி ஒருத்தர் இங்கிலீஷ் பாட்டுப் பக்கமே தலை வெக்காதவர். அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

"மாப்ள, இது தளபதி பாட்டுல்ல? காட்டுக்குயிலு!"

அதேதான். இளையராஜாவோட 1991 தாளத்தை எடுத்து அதுக்கு மேல அவங்க கட்டினது. 'பேர்ட் ஃப்ளூ'ல 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டு இருக்கு. 'ஜிம்மி' பப்பி லாஹிரியோட 1982 டிஸ்கோ பாட்டு. எங்க கூட்டாளிக்குப் பத்து செகண்டுல பிடிபட்டது, பத்து வருஷமா கட்டுரை எழுதறவங்களுக்குப் பிடிபடலை!

"அடுத்தவன் பாட்டைத் திருடறது பெரிய வித்தையா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. எங்க ஊரு நைட்டி தைக்கிற ஊரு. தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம். கட்டிங் டேபிள்ல விழற பிட்டுத் துணியை அள்ளிக் கட்டி எடைக்குப் போடறவங்க இருக்காங்க, அதே பிட்டுகளை ஒட்டுப் போட்டு புதுசா ஒண்ணு தைக்கிற அக்காமாரும் இருக்காங்க. துணி வேற இடத்துலேர்ந்து வந்ததுதான். ஆனா எந்தப் பிட்டு எதுக்குப் பக்கத்துல வரணும்னு முடிவு பண்றது யாரு? அதுலதான் வேலை இருக்கு.

'பேப்பர் ப்ளேன்ஸ்' எடுத்துக்கோங்க. அடியில ஓடற கிடார் 'தி க்ளாஷ்' பேண்டோட 1982 பாட்டுலேர்ந்து வந்தது. அது வந்தேறிகளையும், வியட்நாம்ல அமெரிக்க சோல்ஜருங்க விட்டுட்டு வந்த பிள்ளைங்களையும் பத்தின பாட்டு. அந்தக் கிடாருக்கு மேல, விசா கிடைக்காத ஒரு அகதிப் பொண்ணு துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் வெச்சு, "எங்களை நீங்க இப்படித்தானே பார்க்கறீங்க"ன்னு நக்கலடிக்கறாங்க. டிவிக்காரங்க துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் கவனமா வெட்டினாங்க. 2008ல அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல 4ஆம் இடம் வரைக்கும் போச்சு. க்ளாஷ் பாடினா "அரசியல் ராக்", இவங்க பாடினா "தீவிரவாத ஆதரவு". போங்கய்யா நீங்களும் உங்க விமர்சனமும்!

தையல்னதும் ஞாபகம் வருது. இவங்க அம்மா கலா லண்டன்ல தையல் வேலை பார்த்தவங்க. பிரிட்டிஷ் அரசு குடுக்கற பதக்கங்களுக்கு ரிப்பன் தைக்கிற வேலை, அதுவும் கையால. ஆயிரக்கணக்குல தைச்சிருக்காங்க. 2019ல அதே எம்.பி.இ. பதக்கம் பொண்ணுக்கு அறிவிச்சாங்க. "அரசாங்கத்தை எதிர்த்தவங்க அரசாங்கப் பதக்கம் வாங்கலாமா?"ன்னு நம்மூர்லயும் சிலர் குதிச்சாங்க. அம்மா உழைச்சு தைச்சது, அம்மாவுக்காக வாங்கறேன்னு அவங்களே சொன்னாங்க. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற அம்மா வளர்த்த பிள்ளைங்க எங்க ஊர்ல நிறைய. அதுங்க யாருக்கும் இதுல விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு கூட்டத்தையும் விடறதா இல்லை: "உலகை வென்ற தமிழச்சி" கூட்டம். ஆஸ்கர் பட்டியல்னதும் ஸ்வீட் எடு கொண்டாடுனவங்க. ஆல்பம் பேரு கேட்டா முழிப்பாங்க. வசை பாடறவங்களுக்கும் இவங்களுக்கும் ஒரே ஒற்றுமை, ரெண்டு பேருமே பாட்டைக் கேட்கலை. கேட்டிருந்தா உருப்படியான சண்டை போட்டிருக்கலாம். 'கலா'வுக்கு அப்புறம் அந்த உயரத்தைத் தொட்டாங்களா? என்னைக் கேட்டா, 2010 'மாயா' பாதிதான் தேறும். 2013 'மாதங்கி' நிமிர்ந்துச்சு. 2022 'மாட்டா' சோடைதான். உறுமி அடிச்சவங்களோட பேரை எல்லாரும் சொல்ற மாதிரி செஞ்சிருக்கலாமேன்னும் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ஆவணப்படம் 2018ல சன்டான்ஸ்ல ஜூரி விருது வாங்குச்சு, நல்ல படம். ஆனா அதுலயும் பாட்டு பிறந்த கதை ஓரமாத்தான் நிக்குது. இதெல்லாம் பேச வேண்டிய சண்டை. விரலைப் பத்தி இல்லை.

ஆக, அடுத்த தடவை "எம்.ஐ.ஏ. - ஒரு பார்வை" எழுதற புண்ணியவான்களுக்கு ஒரே வேண்டுகோள். எழுதறதுக்கு முன்னாடி ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'கலா'வை முழுசா ஒரு தடவை கேளுங்க. 48 நிமிஷம்கூட ஆகாது. கேட்ட பிறகும் திட்டணும்னு தோணுச்சுன்னா நல்லாத் திட்டுங்க, நானே வந்து படிக்கிறேன்.

டிஸ்கி: புதுசா கேட்கறவங்க 'பேர்ட் ஃப்ளூ', 'பாம்பூ பாங்கா', 'பேப்பர் ப்ளேன்ஸ்', 'பேட் கேர்ள்ஸ்'ங்கற வரிசையில போங்க. முதல் பாட்டை மட்டும் ராத்திரி சத்தமா வெக்காதீங்க. பக்கத்து வீட்டு ஆச்சிக்கு அருள் வந்துட்டா நான் பொறுப்பில்லை. :-)